முதல் காசு யாருடையது?



பழைய சத்திரம் ஒன்றை இடிக்கப் போகிறார்கள், நூறு வருட வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று பேப்பரில் படித்தால், நம்மில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "கவர்ன்மென்ட் ஏதாவது பண்ணக் கூடாதா? எங்கிருந்தாவது கிராண்ட் கிடைக்காதா?" நியாயமான கேள்வி. ஆனால் 35 வருடம் வங்கிக் கவுண்டரிலும் லெட்ஜரிலும் காலம் தள்ளிய எனக்கு, அதோடு சேர்ந்து வேறு சில கேள்விகளும் வரும். மானியம் கொடுப்பவர் எதைப் பார்த்துக் கொடுப்பார்? கொடுத்த பிறகு என்ன கேட்பார்? அவர் கொடுப்பதற்கு முன்னால் போட வேண்டிய முதல் காசு யாருடையது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நீண்ட சரித்திரம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே லாப நோக்கமில்லாத சங்கங்கள் பழைய இடங்களை வாங்கிக் காப்பது 1850-களிலேயே தொடங்கிவிட்டது. அதற்கான அரசு மானியமோ சட்டமாக வந்தது 1966-ல். நடுவில் நூறு வருடத்துக்கும் மேலான இடைவெளி. அந்தக் கதையைத்தான் இந்த முறை உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

யாரும் வேண்டாம் என்ற வீடு

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த வீடு மவுண்ட் வெர்னான். வர்ஜீனியா மாநிலத்தில் போட்டோமாக் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1850-களில் அந்த வீடு வாஷிங்டனுடைய தம்பியின் கொள்ளுப்பேரன் கையில் இருந்தது. விவசாயத்தில் வருமானம் இல்லை; பார்க்க வருகிற கூட்டமோ ஓயவில்லை. ஆற்றைப் பார்த்த தாழ்வாரம் சாய்ந்துவிடாமலிருக்க, பழைய கப்பல் பாய்மரங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அவர் வீட்டை மத்திய அரசுக்கு விற்க முன்வந்தார். அரசு வாங்கவில்லை. வர்ஜீனியா மாநிலமும் வாங்கவில்லை.

1853-ல் அந்த ஆற்றில் படகில் போன லூயிசா கன்னிங்காம் என்ற பெண்மணி, வீட்டின் கோலத்தைப் பார்த்து மனம் நொந்து தன் மகளுக்குக் கடிதம் எழுதினார். நாட்டின் ஆண்களால் இதைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் பெண்கள் ஏன் முயலக் கூடாது என்பதுதான் கடிதத்தின் சாரம். மகள் ஆன் பமேலா கன்னிங்காம், குதிரையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு நிரந்தரமாக உடல்நலம் குன்றியவர். தென் கரோலினாக்காரர். அந்த நாளில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. தன் பெயர் வெளியே தெரியாமல், ஒரு புனைபெயரில், சார்ல்ஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் தென்மாநிலப் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மவுண்ட் வெர்னான் மகளிர் சங்கம். பிறகு வட மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டு, மாநிலத்துக்கு ஒரு பிரதிநிதி என்று வைத்து வசூலில் இறங்கினார்கள்.

1858-ல் ஒப்பந்தம் ஆயிற்று. வீடும் 200 ஏக்கர் நிலமும், விலை 2 லட்சம் டாலர். முன்பணம் 18,000 டாலர். மீதி தவணையில், வட்டியோடு. நம் ஹவுசிங் லோன் மாதிரியே இருக்கிறது அல்லவா? எட்வர்ட் எவரெட் என்ற புகழ்பெற்ற பேச்சாளர் வாஷிங்டனைப் பற்றி ஊர் ஊராகப் பேசி, பத்திரிகையிலும் எழுதி, கிட்டத்தட்ட 69,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார். மீதியெல்லாம் சாதாரண ஜனங்கள் போட்ட சிறு தொகைகள். 1860 பிப்ரவரி 22, வாஷிங்டனின் பிறந்தநாளன்று, வீடு சங்கத்தின் கைக்கு வந்தது.

அடுத்த வருடமே உள்நாட்டுப் போர் மூண்டது. வசூல் நின்றது. இரண்டு சேனைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வீட்டைச் சங்கத்தின் செயலாளர் சாரா டிரேசி அங்கேயே தங்கிப் பாதுகாத்தார். எந்தப் பக்கத்துச் சிப்பாயானாலும் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஏற்பாடு. இன்றும் அந்த வீடு அந்தச் சங்கத்திடம்தான் இருக்கிறது. அரசு மானியம் வாங்காமல், நுழைவுக் கட்டணத்திலும் நன்கொடையிலும் நடத்துகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாங்குவதற்குப் பணம் சேர்ப்பதில் ஒரு உற்சாகம் இருக்கிறது. சாய்ந்த தாழ்வாரத்தை நிமிர்த்தவும், கூரை ஒழுகாமல் பார்க்கவும், காவலுக்கு ஆள் வைக்கவும் வருடா வருடம் கேட்டால் அந்த உற்சாகம் இருக்காது. மகளிர் சங்கத்தை நான் மெச்சுவது 1858-ல் வாங்கியதற்காக மட்டுமல்ல. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருடத்துக்காகவும்தான்.

இடித்த பிறகு வந்த சட்டம்

இப்படி ஒரு நூறு வருடம், யாருக்கு எந்த வீட்டின் மேல் பாசமோ அவர்கள் காப்பாற்றினார்கள். பாசம் வைக்க ஆளில்லாதது போயிற்று. 1949-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சாசனம் கொடுத்து, வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தியது. ஆனாலும் நெடுஞ்சாலைக்காகவும் நகரச் சீரமைப்புக்காகவும் பழைய பேட்டைகள் மளமளவென்று இடிக்கப்பட்டன.

எல்லோரையும் உலுக்கியது நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம். 1910-ல் திறந்த பிரம்மாண்டமான கட்டடம். 1963-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். கட்டட வல்லுநர்கள் தெருவில் இறங்கி அட்டை பிடித்து நின்றும் பலனில்லை. வெறும் 53 வருடம்தான் அந்தக் கட்டடத்தின் ஆயுள்.

1966 அக்டோபர் 15-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வரலாற்று இடங்களுக்கு ஒரு தேசியப் பதிவேடு, மாநிலத்துக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி, அவற்றோடு மானியம். 1976-ல் இதற்கென்று தனி நிதியும் வந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வருமான வரியிலிருந்து இல்லை. கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கம்பெனிகள் அரசுக்குக் கட்டும் குத்தகைப் பணத்திலிருந்து. பூமியிலிருந்து ஒன்றை எடுத்துத் தீர்க்கிறோம், அந்த வருமானத்தில் ஒரு பங்கைத் தீர்ந்துபோகக் கூடாத இன்னொன்றைக் காக்க ஒதுக்குவோம் என்ற கணக்கு. வருடத்துக்கு 15 கோடி டாலர் வரை என்று சட்டம் சொன்னது. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு நாடாளுமன்றம் உண்மையில் ஒதுக்கியது அதைவிட மிகக் குறைவு. லிமிட் என்பது வேறு, கைக்கு வருவது வேறு. ஓவர்டிராஃப்ட் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வருமானம் தரும் பழைய கட்டடத்தைச் சீரமைக்கும் தனியார் உரிமையாளருக்கு அங்கே வரிச்சலுகை உண்டு. தகுதியான செலவில் 20 சதவீதம் வரியில் கழியும். ஆனால் லாப நோக்கமில்லாத சங்கம் வருமான வரியே கட்டாதபோது, வரிச்சலுகையால் நேரடியாக என்ன பயன்? அதனால்தான் சங்கங்களுக்கு மானியம் அவசியமாகிறது.

மானியம் என்பது இனாம் அல்ல

1998-ல் அமெரிக்காவின் பொக்கிஷங்களைக் காப்போம் என்ற பொருள்பட ஒரு மானியத் திட்டம் தொடங்கியது. அந்நாட்டின் தேசியப் பூங்காப் பணித்துறை மற்ற அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது. லாப நோக்கமற்ற சங்கங்களும் விண்ணப்பிக்கலாம். அதன் விதிகளைப் படித்தபோது எங்கள் பழைய சாங்ஷன் லெட்டர்கள்தான் ஞாபகம் வந்தன. உங்களுக்குப் புரியும்படி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மார்ஜின் மணி. அவர்கள் ஒரு டாலர் கொடுத்தால் நீங்களும் ஒரு டாலர் கொண்டுவர வேண்டும். மத்திய அரசின் வேறு மானியத்தைக் காட்டி அதை ஈடுகட்டுவது பொதுவாக முடியாது.

இரண்டாவது, தகுதி. கட்டடம் பழையது என்றால் மட்டும் போதாது; நாடு முழுவதற்கும் முக்கியமானது என்று பதிவாகியிருக்க வேண்டும். பாட்டி வீடு என்ற பாசம் மட்டும் செல்லாது.

மூன்றாவது, பட்டுவாடா. பொதுவாக வேலையைச் செய்து, செலவுக் கணக்கைக் காட்டித்தான் பணத்தைப் பெற வேண்டும். முழுத் தொகையையும் முதல் நாளே தூக்கிக் கொடுப்பதில்லை.

நான்காவது, வேலையின் தரம். பழைய ஜன்னலைப் பிடுங்கிவிட்டு அலுமினிய ஜன்னல் போட முடியாது. எதைப் பழுதுபார்க்கலாம், எதை மாற்றலாம் என்பதற்கு எழுதி வைத்த விதிமுறைகள் உண்டு.

ஐந்தாவது, அடமானம் மாதிரியான ஒன்று. மானியம் வாங்கியபின் பல வருடங்களுக்கு அந்தக் கட்டடத்தை இஷ்டப்படி மாற்ற மாட்டோம், நன்றாகப் பராமரிப்போம், பொதுமக்கள் பார்க்க வழி செய்வோம் என்று பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கட்டடம் கைமாறினாலும் நிபந்தனை கூடவே போகும்.

இவ்வளவுக்கும் பிறகு, மானியம் நிரந்தரமும் அல்ல. இதே திட்டத்துக்கு 2011-ம் நிதியாண்டிலிருந்து சில வருடங்கள் ஒதுக்கீடே இல்லாமல் போயிற்று. 2017-ல்தான் மறுபடி வந்தது. முன்பு சொன்ன தேசிய அறக்கட்டளையோ, மத்திய அரசின் வருடாந்தர உதவி 1998-ல் நின்ற பிறகு தன் காலில் நிற்கிறது. இன்று அதுவே மற்றச் சங்கங்களுக்குச் சிறு மானியங்கள் தருகிறது. பெரும்பாலும் 2,500 முதல் 5,000 டாலர் வரை. அதுவும் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் இல்லை. கட்டடத்தின் நிலைமையை நிபுணரை வைத்து ஆராய்ந்து அறிக்கை தயாரிக்க, திட்டம் போட. இந்தச் சிறு தொகையில் என்ன நடக்கும் என்று தோன்றலாம். அந்த அறிக்கை கையில் இருந்தால்தான் பெரிய மானியம் தருபவரிடம் போய் உட்கார முடியும். புராஜெக்ட் ரிப்போர்ட் இல்லாமல் எந்த மேனேஜர் கடன் கொடுப்பார்?

நம்மைப் போன்றவர்கள் குடியிருந்த ஒரு கட்டடம்

இதுவரை சொன்னதில் ஜனாதிபதி வீடும் ரயில் நிலையமும்தான் வந்தன. மவுண்ட் வெர்னானிலேயே வாஷிங்டன் இறந்த 1799-ல் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அவர்களுக்காக யாரும் 1850-களில் வசூல் செய்யவில்லை. எதைக் காக்கப் பணம் வருகிறதோ, அதுதான் பிற்காலத்துக்குச் சரித்திரமாக நிற்கும். பணம் வராத இடம் காலி மனையாகி, பிறகு பார்க்கிங் ஆகிவிடும்.

அதனால் அபார்ட்மெண்ட்வாசிகளான நமக்குப் பிடித்தமான ஒரு கட்டடத்தைச் சொல்கிறேன். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு, கதவு எண் 97. 1863-ல் கட்டிய ஐந்து மாடி வாடகைக் குடியிருப்பு. ஒரு வீட்டுக்கு மூன்று அறை, மொத்தமே சுமார் 325 சதுர அடி. ஜெர்மனி, அயர்லாந்து, இத்தாலி, கிழக்கு ஐரோப்பா என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள், 1863 முதல் 1935 வரை சுமார் 7,000 பேர் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் கழிப்பறை பின்கட்டில். 1901-ல் வந்த சட்டத்தின் கட்டாயத்தால்தான் உள்ளே மாடிக்கு இரண்டு கழிப்பறை கட்டினார்கள். 1935-ல் கட்டட விதிகள் இன்னும் கடுமையானபோது, செலவு செய்ய மனமில்லாத உரிமையாளர் மேல்மாடிகளைக் காலி செய்து பூட்டினார். கீழே கடைகள் மட்டும் நடந்தன.

1988-ல் ரூத் ஆப்ராம், அனிடா ஜேக்கப்சன் என்ற இருவர், குடியேறிகளைப் பற்றிய அருங்காட்சியகம் தொடங்க இடம் தேடியபோது அங்கே போனார்கள். மேலே ஏறிப் பார்த்தால், 50 வருடமாக யாரும் தொடாத வீடுகள். அடுக்கடுக்காக ஒட்டிய சுவர்க்காகிதம் அப்படியே இருந்தது. முதலில் வாடகைக்குத்தான் எடுத்தார்கள். 1994-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்டது. 1996-ல் சங்கமே கட்டடத்தை வாங்கியது. வரிசையைப் பாருங்கள்: முதலில் வாடகை, பிறகு ஆராய்ச்சி, பிறகு அங்கீகாரம், அதன் பிறகே சொந்தம்.

அங்கே வாழ்ந்த நாதலி கும்பெர்ட்ஸ் என்ற பெண்ணின் கதை என்னை மிகவும் பாதித்தது. 1874-ல் ஒரு நாள் வேலைக்குப் போன கணவர் திரும்பவில்லை. தையல் வேலை செய்து குழந்தைகளை வளர்த்தார். 1883-ல் மாமனார் வழியில் 600 டாலர் சொத்து வந்தபோது, அதைப் பெற, கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. காணாமல் போனவரின் டெபாசிட்டுக்காக ஏழு வருடம் காத்திருந்த மனைவிமாரை வங்கியில் பார்த்திருக்கிறேன். அதனால் இது எனக்கு அன்னியமாகவே தோன்றவில்லை. அந்த நீதிமன்றக் காகிதம் இருந்ததால்தான், ஒரு ஏழைத் தையல்காரியின் வீட்டை இன்று மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

இன்னொரு சின்ன வீடும் உண்டு. பாடகி நினா சிமோன் 1933-ல் பிறந்த வீடு, வட கரோலினா மாநிலத்தில் டிரையான் என்ற ஊரில். மூன்றே அறை, சுமார் 660 சதுர அடி மர வீடு. நம் ஒற்றைப் படுக்கையறை பிளாட் அளவு. பாழடைந்து விற்பனைக்கு வந்தபோது, 2017-ல் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கினார்கள். அதே வருடக் கடைசியில் தேசிய அறக்கட்டளை, கறுப்பின மக்களின் வரலாற்று இடங்களுக்கென்று தனி நிதி ஒன்றைத் தொடங்கியது. பெரிய தனியார் அறக்கட்டளைகள் அதற்குப் பணம் தந்தன. டிரையான் வீட்டைச் சீரமைக்கும் பணியையும் தேசிய அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. இங்கும் முதல் காசு அந்த நான்கு பேருடையது. அவர்கள் அன்று வாங்காவிட்டால், பிறகு வந்த நிதி சீரமைப்பதற்கு அங்கே வீடு இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் வழிகள் இல்லாமல் இல்லை. இன்டாக் அமைப்பு 1984 முதல் இயங்குகிறது. 1996-ல் மத்திய அரசு தேசியப் பண்பாட்டு நிதி என்ற அறக்கட்டளையை ஏற்படுத்தியது. 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய தொகையை வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைக்கவும் கொடுக்கலாம். ஆனால் இவர்களில் யாரும் நம் தெருவுக்கு வந்து, இங்கே காக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை. நாம்தான் போக வேண்டும். போகும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும்.

நம் பின்கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போகும் வழியில், இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு நடந்து போனவர்கள், இன்னொருவர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இப்படிக் கல் நாட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். இப்போது அதைச் சுற்றி ஜல்லியும் மணலும் கொட்டிக் கிடக்கிறது. ரோடு வேலை தொடங்கிவிட்டது. ஜே.சி.பி. ஓட்டுகிற பையனுக்கு அது வெறும் கல்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

இதற்கு எந்த மானியமும் வேண்டாம். இன்டாக்கும் வேண்டாம், கடலுக்கடி எண்ணெயும் வேண்டாம். நாலு பக்கமும் போட்டோ, டேப் வைத்து அளந்த அளவு, கல்லில் எழுத்து ஏதாவது இருந்தால் அதன் பிரதி, இந்தப் பேட்டையில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் சொல்வதை எழுதி வாங்கிய குறிப்பு, அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் ஒரு மனு. இவ்வளவுதான். மனுவை வார்டு அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை ஃபைலில் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தச் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது.

செயலாளரிடம் பேசிவிட்டேன், அவருக்கும் சம்மதம். டி பிளாக் வாசலில் வரும் ஞாயிறு காலை 7 மணிக்குக் கூடுகிறோம். அளக்கத் தெரிந்தவர்கள், போட்டோ எடுப்பவர்கள், தெலுங்கோ பழைய தமிழ் எழுத்தோ படிக்கத் தெரிந்தவர்கள் வந்தால் நல்லது. ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.